மரத்தை வெட்டலாமா என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வது?

கேள்வி: ஒரு வாசகர், 16 ஜூன் 2024

வீட்டுக்கு முன்கதவு மாத்துறோம். ஆசாரி வாசல்ல உக்காந்து இழைச்சுக்கிட்டு இருக்கார். அஞ்சாவது படிக்கிற என் மக ரெண்டு நாளா அவர்கிட்ட முகம் கொடுத்துப் பேசலை. "இவரு மரத்தைக் கொன்னுட்டாரு"ங்குறா. "மரம் வெட்டாதே" படம் வரைஞ்சு பள்ளிக்கூடத்துல முதல் பரிசு வாங்கினவ. அவ சொல்றது தப்புன்னும் சொல்ல முடியலை, சரின்னும் சொல்ல முடியலை. பசங்களுக்கு இதை எப்படித்தான் சொல்லிக் கொடுக்கறது?

17 ஜூன்

முதல் வேலையாக அந்த ஆசாரிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். ரெண்டு நாளாக ஒரு சின்னப்பெண் முறைப்பதைத் தாங்கிக்கொண்டு வேலை செய்கிறார்.

நான் பொள்ளாச்சிப் பக்கம் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் வாத்தியார். அப்பா தச்சர். வீட்டில் மரத்தூளில் புரண்டு வளர்ந்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் "மரம் வெட்டாதே" படம் வரையச் சொல்கிறவன். அந்தப் படங்களைக் காய வைப்பது மர பெஞ்சின் மேல். இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளைகூட அதைச் சுட்டிக் காட்டியதில்லை, எனக்கும் தோன்றியதில்லை.

போன வருஷம் ஏழாம் வகுப்பில், "உங்கள் வீட்டு முன்கதவு என்ன மரம்?" என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். 34 பேர். 29 பேர் எழுதிக்கொண்டு வந்த பதில்: "மரம்". இரண்டு பேர் "தேக்கு" (அதில் ஒன்று பொய், அந்த வீட்டில் இரும்புக் கதவு). வேப்பமரத்துக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிற பிள்ளைகளுக்குத் தினமும் தொட்டுத் திறக்கிற கதவின் பெயர் தெரியவில்லை.

உங்கள் மகளிடம் தத்துவம் பேச வேண்டாம். இழைப்புளியிலிருந்து சுருண்டு விழுகிற சுருளில் ஒன்றை எடுத்து முகரச் சொல்லுங்கள். என்ன மரம், எந்த ஊரிலிருந்து வந்தது என்று ஆசாரியிடமே கேட்கட்டும்.

18 ஜூன்

ஆசாரி சொன்ன பதிலை எழுதியிருக்கிறீர்கள். வேங்கையாம். நல்ல மரம், நல்ல கதவு. இழைத்து விழுந்த சிராயில் ஒரு கைப்பிடி எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு ராத்திரி விட்டு வையுங்கள். காலையில் தண்ணீரின் நிறம் மாறியிருக்கும். மகள் பார்க்கட்டும்.

ஒன்றே ஒன்றை மட்டும் இப்போதைக்குச் சொல்லிவிடாதீர்கள்: பச்சை வேங்கையை வெட்டினால் ரத்தம் மாதிரி சிவப்பாகப் பிசின் வடியும்.

19 ஜூன்

ஆசாரியே சொல்லிவிட்டாராம். சரி, இன்னும் ரெண்டு நாள் பொறுங்கள்.

24 ஜூன்

இந்தக் கேள்வி-பதில் இழையைத் தொடங்கிய நேரம், எங்கள் பள்ளிக்கூடத்துப் பூவரசு சனிக்கிழமை ராத்திரிக் காற்றில் சாய்ந்துவிட்டது. சுவருக்கு வெளியே விழுந்ததால் யாருக்கும் ஒன்றுமில்லை. திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பாதிப் பிள்ளைகள் அழுகை, மீதிப் பாதி அதன் மேல் ஏறி சவாரி. ஆறாம் வகுப்புப் பெண்கள் இருவர் செம்பருத்தி வைத்துக் கும்பிட்டார்கள். நான் தடுக்கவில்லை.

நல்ல பாடம் வலிய வந்து விழுந்திருக்கிறது. வேர்ப்பக்கத்தை மட்டும் சீராக அறுத்துத் தரச் சொன்னேன். நாளைக்கு வளையம் எண்ணப் போகிறோம். எந்த மரமானாலும் வளையத்தை எண்ணினால் வயசு தெரிந்துவிடும் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

25 ஜூன்

முந்தைய குறிப்பின் கடைசி வரியை அடித்துவிடுங்கள்.

நான்கு குழுவாகப் பிரித்து எண்ண விட்டேன். ஒரு குழு 31 என்றது, ஒன்று 44, ஒன்று 57. நான்காவது குழு "வளையமே இல்ல சார், நீங்க சொன்னதால எண்ணுனோம்" என்றது. நான்காவது குழுதான் சரி.

இங்கே ஒருவர் (மர ஆராய்ச்சியில் வேலை பார்த்தவர்) விளக்கியதை என் வார்த்தையில் எழுதுகிறேன். குளிர் நாட்டு மரம் பனிக்காலத்தில் வளர்ச்சியை நிறுத்திவிடும், அதனால் வருஷத்துக்கு ஒரு கோடு விழும். நம் ஊரில் பல மரங்கள் அப்படி ஒட்டுமொத்தமாக நிறுத்துவதில்லை. மாமரத்திலும் பூவரசிலும் வளையம் தெளிவாக விழாது. தேக்கு விதிவிலக்கு. கோடையில் இலையை முழுக்க உதிர்த்துவிட்டு, மழைக்குத் துளிர்க்கும்போது பெரிய பெரிய துளைகளோடு புது மரம் போடும். அந்தத் துளை வரிசைதான் வளையமாகத் தெரிகிறது. மழை பொய்த்த வருஷம் வளையம் ஒடுங்கும். கேரளத் தேக்கின் வளையங்களை வைத்தே பழைய பருவமழைகளைக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள்.

தென்னைக்கும் பனைக்கும் வளையம் என்பதே கிடையாது. அவை வளர்கிற முறையே வேறு. தேக்கில் வைரம் (முற்றிய கெட்டி மரம்) உள்ளே, வெளுப்பு (முற்றாத மரம்) வெளியே. பனையில் வெளிப்பக்கம்தான் வைரம், உள்ளே சோறு. பழைய ஓட்டு வீட்டுப் பனங்கை ஒன்றின் வெட்டுமுகத்தில் ஆணியால் குத்திப் பார்க்கச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஒரு நிமிஷத்தில் புரியும். இருபது வருஷமாகப் புத்தகத்தில் இருந்ததை அப்படியே ஒப்பித்திருக்கிறேன்.

பூவரசின் வயசைக் கடைசியில் சத்துணவு ஆயாதான் சொன்னார்: "எம்.ஜி.ஆர். செத்தாருல்ல, அதுக்கு அடுத்த மழைக்கு எங்க வீட்டுக்காரரு போத்து வெட்டிட்டு வந்து நட்டது." 1988. 36 வயசு.

27 ஜூன்

கணக்குப் பாடம். மரவாடிக்காரர்கள் உருண்டை மரத்தை அளக்கிற முறை: கயிறு போட்டுச் சுற்றளவு எடு, அதை நாலாக மடி, மடித்த நீளத்தை அதே நீளத்தால் பெருக்கு, பிறகு மரத்தின் நீளத்தால் பெருக்கு. எங்கள் பூவரசு சுற்றளவு 4 அடி, நேராக இருக்கிற நீளம் 5 அடி. மடித்தால் 1 அடி. ஆக 5 கன அடி.

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் உருளையின் கன அளவு வாய்ப்பாட்டைப் போட்டுப் பார்த்துவிட்டான். 6.37 வருகிறது. "சார், மீதி 1.37 கன அடி எங்க போச்சு?"

அப்பா இருந்திருந்தால் தொடையில் தட்டிச் சிரித்திருப்பார். போன இடம்: ஓரப் பலகை, பட்டை, ரம்பத்தூள். வட்டத்தைச் சதுரமாக்கினால் நாலு பக்கமும் கழியும். அந்தக் கழிவை வாங்குகிறவன் தலையில் கட்டாமல் இருக்கத்தான் இந்தக் கணக்கு. பையன் ஒப்புக்கொள்ளவில்லை. "அந்தத் தூளையும் வித்துருவாங்கல்ல சார்?" விற்பார்கள்தான்.

5 ஜூலை

வன மகோத்சவ வாரம். 1950-இல் அப்போதைய மத்திய விவசாய அமைச்சர் கே.எம். முன்ஷி தொடங்கி வைத்த மரம் நடும் விழா. நாங்களும் நாற்பது கன்று நட்டோம், போட்டோ எடுத்தோம். போன வருஷமும் அதே மைதானத்தில், பாதிக்குப் பாதி அதே குழியில், நாற்பது நட்டோம். பிழைத்தது மூன்று. இதைப் பிள்ளைகளிடமே எண்ணச் சொன்னேன். தலைமையாசிரியருக்குப் பிடிக்கவில்லை.

6 ஜூலை

நேற்று எழுதியதில் ஒரு பிழை. பிழைத்தது நாலு. கழிப்பறைக்குப் பின்னால் ஒரு புங்கன் இருக்கிறது. யாரும் தண்ணீர் ஊற்றாததால் பிழைத்தது என்று ஒரு பெண் கண்டுபிடித்திருக்கிறாள்.

14 ஜூலை

ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒரு நோட்டுக்கு ஒரு மரம் போகிறது என்று சொன்னால் பிள்ளைகள் காகிதத்தை வீணாக்க மாட்டார்கள் அல்லவா?"

ஆகாத கணக்கு அது. கரூர்ப் பக்கம் காகிதபுரத்தில் இருக்கிற நம் காகித ஆலையே கரும்புச் சக்கையை முக்கியச் சரக்காக வைத்துத்தான் தொடங்கப்பட்டது. மரக்கூழுக்கும் காட்டை வெட்டுவதில்லை. விவசாயிகள் வயலில் சவுக்கும் தைலமரமும் பயிராகப் போட்டு, சில வருஷத்தில் அறுத்து விற்கிறார்கள். பிள்ளையைப் பயமுறுத்தப் பொய் சொன்னால், ஒருநாள் உண்மை தெரியும்போது மீதி எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடும்.

வகுப்பில் பெரிய வெற்றி தீக்குச்சிதான். இது எந்த மரம் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. "பீநாறி மரம்" என்றேன். அன்றைக்கு அதற்கு மேல் பாடம் நடக்கவில்லை.

15 ஜூலை

திருத்தம் வந்திருக்கிறது, நியாயமான திருத்தம். பீநாறி என்ற பெயரில் இரண்டு மரங்கள் உண்டு. பூ நாறுகிற, காய் பெரிசாகச் சிவந்து வெடிக்கிற மரம் ஒன்று. தீக்குச்சிக்கு அறுக்கிறது அது இல்லை, பெருமரம் என்றும் சொல்கிற இன்னொன்று. இனி பெருமரம் என்றே சொல்கிறேன். ஆனால் பிள்ளைகள் இனி வேறு பெயரை ஏற்கப் போவதில்லை.

2 ஆகஸ்ட்

எட்டாம் வகுப்பை ஆனைமலை மேலே இருக்கிற டாப்ஸ்லிப் கூட்டிப் போனோம். நீளமாக எழுதுகிறேன், எனக்கு இதில் ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

பெயர்க் காரணம் எல்லோருக்கும் தெரியும்: மேலே வெட்டிய மரத்தை அங்கிருந்து சரிவில் உருட்டி விடுவார்கள். இந்த ஆனைமலைத் தேக்கு கப்பல் கட்டப் பம்பாய் வரைக்கும் போனது, தண்டவாளக் கட்டைக்குப் போனது. வெட்டி வெட்டி மலை மொட்டையான பிறகு, 1910-களில் ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரி வந்து வெட்டின அடிக்கட்டையைத் தளிர்க்க விட்டார், புதிதாகத் தேக்கு நட்டார். கைத்தடியால் குத்திக் குத்தி விதை போட்டுக்கொண்டே நடப்பார் என்பது ஊர்க்கதை. அவர் சமாதி அங்கேயே மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. "என் நினைவுச் சின்னம் வேண்டுமானால் சுற்றிலும் பார்" என்ற பொருளில் லத்தீனில் ஒரு வரி.

வருஷா வருஷம் நான் அந்தச் சமாதி முன்னால் நின்று உருக்கமாகச் சொல்வேன்: "ஒரே மனுஷன், ஒரு காட்டையே உண்டாக்கினார்." இந்த வருஷமும் சொன்னேன். வழக்கம்போல இளம் தேக்கிலையைப் பறித்துத் தரச் சொல்லிக் கசக்கிக் காட்டினேன். உள்ளங்கை மருதாணி வைத்ததுபோலச் சிவந்தது. முப்பது பேரும் கையைச் சிவப்பாக்கிக்கொண்டு ஒருத்தர் சட்டையில் ஒருத்தர் துடைத்தார்கள். (பெற்றோர்கள் மன்னிக்கவும், அது போகாது.)

எங்கள் வகுப்பில் மலசர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற பையன் ஒருவன். அவன் தாத்தா அங்கே கோழிகமுத்தி யானை முகாமில் பாகராக இருந்தவர். அந்தக் காலத்தில் யானைதான் மரம் இழுக்கும். பையன் அதிகம் பேசமாட்டான். திரும்பும்போது வண்டியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "சார், அது காடு இல்ல. தேக்குத் தோட்டம். நாங்க கிழங்குக்கு அங்க போக மாட்டோம். காடு அந்தாண்ட இருக்கு."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவன் சொன்னது முழுக்கச் சரி. ஒரே வயசு, ஒரே மரம், கீழே சருகு. அந்தாண்ட என்று அவன் கை காட்டிய இடத்தில் நூறு வகை. வுட் செய்தது சின்ன வேலை இல்லை. வெட்டியதைத் திரும்ப நட வேண்டும் என்று அந்தக் காலத்தில் நினைத்ததே பெரிசு. அதற்கும் முன்னால், 1840-களில், இன்றைய கேரளத்து நிலம்பூரில் மலபார் கலெக்டர் கானலியும் சாத்து மேனனும் தேக்கு நட்டுக் காட்டினார்கள். அது மரப் பண்ணை. பண்ணையைப் பண்ணை என்றும் காட்டைக் காடு என்றும் சொல்லிக் கொடுத்திருந்தால் போதும். நான் இரண்டையும் குழப்பி, அதைக் கண்ணீரோடு வேறு சொல்லியிருக்கிறேன்.

3 ஆகஸ்ட்

அப்படியானால் காடு என்றால் என்ன என்று கேட்கிறீர்கள். கொங்கு நாட்டுக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? எங்கள் ஊரில் "அப்பா எங்கே?" என்றால் "காட்டுக்குப் போயிருக்காரு" என்பார்கள், சோளக்காட்டுக்கு. வானம் பார்த்த நிலம் காடு, கிணறு இருந்தால் தோட்டம். முல்லைக்குக் "காடும் காடு சார்ந்த இடமும்" என்று பாடம் நடத்தினால் பிள்ளைகள் மனசில் வருவது நிலக்கடலை.

அரசாங்கக் கணக்கு இதைவிட வேடிக்கை. செயற்கைக்கோள் படத்தில் 1 ஹெக்டேருக்கு மேல் பரப்பும் 10 சதவீதத்துக்கு மேல் மரநிழலும் இருந்தால் அது "வனப் பரப்பு". யாருடைய நிலம், என்ன மரம் என்ற கேள்வி இல்லை. பொள்ளாச்சித் தென்னந்தோப்பும் அதில் சேரும். இதைச் சொன்னதும் ஒருத்தி கேட்டாள்: "அப்போ எங்க தாத்தா வனத்துறையா சார்?"

நீதிமன்றமும் இந்தக் கேள்வியில் மாட்டியிருக்கிறது. நிலம்பூர் கோவிலகத்து கோதவர்மன் திருமுல்பாடு, நீலகிரிக் கூடலூர்ப் பக்கம் மரம் வெட்டப்படுவதை எதிர்த்துப் போட்ட வழக்கு. 12 டிசம்பர் 1996 அன்று உச்ச நீதிமன்றம், நிலம் யார் பேரில் இருந்தாலும் அகராதியில் காடு என்றால் என்னவோ அதுதான் காடு என்றது. அகராதியைப் பார்க்கச் சொன்ன நீதிபதிகள் எங்கள் ஊர்ப் பேச்சைக் கேட்டிருந்தால் சோளக்காட்டையும் காப்பாற்றியிருப்பார்கள்.

19 ஆகஸ்ட்

"எந்த மரத்தையும் வெட்டக்கூடாதுன்னா சீமைக்கருவேலத்தை மட்டும் ஏன் வேரோட பிடுங்கச் சொல்றாங்க?" ஆறாம் வகுப்பு. பதில் சொல்ல முப்பது நிமிஷம் ஆயிற்று. நீலகிரியில் சோலையும் புல்வெளியுமாக இருந்த இடத்தில் வனத்துறையே நட்ட சீகை (வாட்டில்) மரத்தை இப்போது வனத்துறையே அகற்றுகிற கதையும் அதில் வந்தது. போஸ்டரில் எழுத முடியாத பாடங்கள்தான் பிள்ளைகளுக்குப் பிடிக்கின்றன.

8 செப்டம்பர்

கோவை காஸ் வன அருங்காட்சியகம். 1902-இல் திறந்தது. போகாதவர்கள் பிள்ளைகளோடு போய் வாருங்கள். மரத்துண்டுகள் வரிசையாக இருக்கும். இங்கே தேக்கின் குறுக்கு வெட்டில் வளையம் எண்ணி என் மானத்தைக் கொஞ்சம் மீட்டுக்கொண்டேன்.

திரும்பும் வழியில் வாத்தியங்களைப் பற்றிப் பேச்சு. வீணைக்குப் பலா, மிருதங்கத்துக்கும் பலா. நரசிங்கன்பேட்டை நாதஸ்வரத்துக்கு ஆச்சா மரம், அதுவும் புது மரம் ஆகாது. பழைய வீடு இடிக்கும்போது வருகிற உத்தரத்தைத் தேடிப்போய் வாங்குவார்கள். "அப்போ ஒரு வீடு இடிஞ்சாத்தான் ஒரு நாதஸ்வரமா?" என்று கேட்ட பெண் கவிதை எழுதுகிறவள் இல்லை, கணக்கில் நூற்றுக்கு நூறு.

29 செப்டம்பர்

பூவரசு இன்னும் கிடக்கிறது. பெஞ்சு செய்யலாம் என்று கேட்டேன். பள்ளி மரம் பொதுச்சொத்து, மதிப்புப் போட ஓர் அலுவலகம், ஏலம் விட இன்னோர் அலுவலகம், இரண்டுக்கும் நடுவில் ஒரு காகிதம். மூன்று மாத மழையிலும் வெயிலிலும் கிடந்து வெளுப்பில் வண்டு விழுந்துவிட்டது. ஊசிமுனைத் துளை, கீழே மாவு மாதிரி தூள். பிள்ளைகள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள். வைரத்தில் ஒரு துளை இல்லை.

அப்பா இதற்குத்தான் மரத்தைக் குளத்தில் போட்டு வைப்பார். மாதக்கணக்கில் ஊறிப் பால் போனால் வண்டுக்கு அதில் தின்ன ஒன்றுமிராது. அதையும் கேட்டுப் பார்த்தேன். பொதுச்சொத்தைக் குளத்தில் போட வழி இல்லையாம்.

26 அக்டோபர்

ஏலம் போயிற்று. விறகுக்கு. தொகையை எழுத மனசில்லை.

இந்த இழையில் "வெட்டினால் பாவமில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். லாரியில் ஏற்றும்போது எனக்கும் தொண்டை அடைத்தது. சாய்ந்ததற்கு அழவில்லை. காய்ந்த மரத்தில் பாதி எடை கரி (கார்பன்). கதவாக நின்றால் அந்தக் கரி நூறு வருஷம் கதவிலேயே இருக்கும், செங்கல் சூளைக்குப் போனால் ஒரே ராத்திரியில் புகை. எட்டாம் வகுப்பில் இதைப் பாடமாகவே சொன்னேன். குரல் சரியாக இருந்ததா என்று தெரியவில்லை.

முன்கூட்டியே ஒரு கிளையை எடுத்து ஒளித்து வைத்திருந்தோம் (அலுவலகத்தார் யாரும் இங்கே வருவதில்லை என்று நம்புகிறேன்). தம்பி பட்டறையில் ஆளுக்கு நாலு இழுப்பு இழைத்தார்கள். பூவரசு வைரம் இழைத்தால் சாக்லேட் நிறம். பன்னிரண்டு ஸ்கேல் வந்தது. நாலு கோணல்.

17 நவம்பர்

கேள்வி கேட்ட வாசகர் திரும்பி வந்திருக்கிறார். மகள் இப்போது போகிற வீட்டுக் கதவையெல்லாம் தட்டிப் பார்க்கிறாளாம். போன வாரம் சொந்தத்தில் பெண் பார்க்கப் போன இடத்தில், "பூராவும் நாட்டுத் தேக்கு" என்று வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்ல, இவள் கதவின் ஓரத்தைக் குனிந்து பார்த்துவிட்டு "மாமா, இது மேல மட்டும்தான் தேக்கு, உள்ள பிளைவுட்" என்றிருக்கிறாள்.

சம்பந்தம் கூடியதா என்று அவர் எழுதவில்லை.

30 நவம்பர்

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. ஜூனில் மரம் விழுந்த மறுநாளே ஆயா ஏழு போத்து வெட்டிச் சுற்றுச்சுவர் ஓரம் நட்டிருந்தார். மூன்று தழைத்தது. ஒன்றை ஆடு கடித்துப் போட்டது. மீதி இரண்டில் பிள்ளைகள் இலை பறித்துப் பீப்பி ஊதுகிறார்கள், வேண்டாம் என்றால் கேட்பதில்லை.

அந்த 1.37 பையன் நேற்று கயிறு எடுத்துப் போய் அளந்துவிட்டு வந்தான். சுற்றளவு 6 அங்குலம், உயரம் 4 அடி. "0.0625 கன அடி சார்."

பதினாறில் ஒரு பங்கு. அப்பா கணக்கில் வீசம்.